வெள்ளைப்படுதல், அரிப்பு, ஈஸ்ட் தொற்று: வீட்டில் இருக்கும் எந்தப் பொருள் காரணமாக இருக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லேப் டெக்னீஷியன். வெள்ளைப்படுதல் என்று வரும் பெண்களின் மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. தாங்க முடியாத அரிப்பு என்று வந்திருப்பார், ஆனால் ஸ்லைடில் பூஞ்சையே இருக்காது, கல்ச்சரிலும் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது. அதற்குள் மருந்துக் கடையில் மூன்று தடவை மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார். என்ன சோப்பு போடுகிறீர்கள், உள்ளாடையை எதில் ஊற வைக்கிறீர்கள் என்று அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சொந்தக்காரப் பெண்களும் கூட வேலை பார்ப்பவர்களும் என்னிடம் காதோடு காதாகக் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. சத்தமாகக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள் என்பதால் பதிலைக் கொஞ்சம் விவரமாகவே எழுதியிருக்கிறேன்.

வெள்ளை படுகிறது என்றாலே ஈஸ்ட் தொற்றுதானா?

இல்லை. வயதுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் வெள்ளைப்படும், அது இயல்பு. மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்து, கருமுட்டை வெளிவரும் சமயத்தில், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக நூல் விட்டு வரும். அதற்கு மருந்தே வேண்டாம். எலும்பு உருகித்தான் வெள்ளையாகப் போகிறது, அதனால்தான் இடுப்பு வலிக்கிறது என்று நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். எலும்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டு வருஷக் கணக்கில் பயந்துகொண்டே இருக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ஈஸ்ட் தொற்று என்பது கேண்டிடா என்ற பூஞ்சை அளவுக்கு மீறிப் பெருகுவது. திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக வெள்ளைப்படும், பெரிதாக நாற்றம் இருக்காது, அரிப்பு மட்டும் பிடுங்கி எடுக்கும், சிறுநீர் பட்டால் எரியும். சாம்பல் நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியல் வஜினோசிஸ் என்கிற வேறு பிரச்சினை. மஞ்சளும் பச்சையுமாக நுரையோடு வந்தால் டிரைக்கோமோனஸ் என்ற பாலியல் தொற்றாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வீட்டில் இருந்தபடி நாமே முடிவு பண்ணிக்கொள்ளும்போது தப்பாகப் போவதற்கு வாய்ப்பு அதிகம்.

சோப்பிலும் பேடிலும் பூஞ்சையா இருக்கிறது? அதெல்லாம் எப்படித் தொற்றைக் கிளப்பும்?

அவற்றில் பூஞ்சை இல்லை. பூஞ்சை ஏற்கெனவே நம்மிடமே இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலேயே 100-க்கு 10 முதல் 20 பேர் வரைக்கும் யோனிப் பகுதியில் கேண்டிடா இருக்கும், அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அதோடு சேர்ந்து லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. 1892-ல் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தவை இவை. இவை லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தின் பி.ஹெச் அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8-லிருந்து 4.5-க்குள் வைத்திருக்கும்.

நாம் போடுகிற பொருள் அங்கே இருக்கும் மெல்லிய தோலை அரிக்கலாம், ஈரத்தையும் வேர்வையையும் பிடித்து வைக்கலாம், நல்ல பாக்டீரியாக்களைக் கலைக்கலாம். இதில் எது நடந்தாலும் பூஞ்சைக்கு வசதிதான். இன்னொன்று நடப்பதைத்தான் நான் ஸ்லைடில் அடிக்கடி பார்க்கிறேன்: பூஞ்சையே இருக்காது, அந்தப் பொருள் தோலைப் புண்ணாக்கியிருக்கும், அரிப்பும் எரிச்சலும் அச்சு அசல் ஈஸ்ட் தொற்று மாதிரியே இருக்கும். அதற்குப் பூஞ்சை மருந்து போட்டால் எப்படிக் கேட்கும்? சில சமயம் அந்தக் கிரீமே எரிச்சலைக் கூட்டிவிடும்.

குளிக்கும் சோப்பையே கீழேயும் போடலாமா?

வேண்டாம். சாதாரணக் கட்டி சோப்பின் பி.ஹெச் 9 முதல் 10 வரை போகும். முகத்தில் போட்டாலே சிலருக்கு இழுக்கும், அங்கே இருக்கும் தோலும் மெல்லியது. வாசனை, நிறம், கிருமிக்கொல்லி சேர்த்த சோப்புகள் இன்னும் மோசம். தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு நுரை மொத்தமும் கீழே வழிந்து தொடை இடுக்கில் தங்குவதை யாரும் யோசிப்பதில்லை. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து அலசுங்கள், கடைசியாக இரண்டு சொம்பு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெளிப்பகுதிக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். உள்ளே எதுவும் விட்டுக் கழுவக் கூடாது, தண்ணீரைக்கூடப் பீய்ச்சக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் இருக்கும் ஜெட் ஸ்ப்ரேயை முழு வேகத்தில் அடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மெதுவாகத் திறந்து, முன்னாலிருந்து பின்னால் போகிற மாதிரி கழுவி, ஒற்றித் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு அப்படியே உள்ளாடையை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்தச் சூடும் ஈரமும்தான் பூஞ்சைக்கு வேண்டியது.

அப்படியானால் இன்டிமேட் வாஷ் வாங்கலாமா? பி.ஹெச் சமநிலை என்று போட்டிருக்கிறார்களே?

சோப்போடு ஒப்பிட்டால் அதன் பி.ஹெச் தேவலாம், அது உண்மை. ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஈஸ்ட் தொற்று உள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் பி.ஹெச் சரியான அளவிலேயேதான் இருக்கும். 4.5-க்கு மேல் ஏறுவது பாக்டீரியல் வஜினோசிஸிலும் டிரைக்கோமோனஸிலும். கேண்டிடா அந்த அமிலத்தன்மையிலேயே சௌகரியமாக வாழும். அதனால் பி.ஹெச்சைச் சரி செய்து ஈஸ்டைத் தடுக்கிறோம் என்ற வாதமே நிற்காது. மேலும் அந்தப் பாட்டில்களில் பலவற்றில் வாசனைப் பொருளும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் உண்டு. ஆரோக்கியமான உடம்புக்கு இப்படி ஒரு பொருள் தேவையே இல்லை என்பது என் கருத்து.

நிறத்தை வெளுக்க வைக்கும் என்று விற்கும் பொருட்களைத் தொடவே தொடாதீர்கள். 2012-ல் அப்படி ஒரு விளம்பரம் இந்தியத் தொலைக்காட்சிகளில் வந்து பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த இடம் மற்ற தோலைவிடக் கொஞ்சம் கறுத்து இருப்பது இயற்கை. அழுக்கும் இல்லை, நோயும் இல்லை.

குளிக்கிற தண்ணீரில் டெட்டால் ஊற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அது தப்பா?

மாதவிடாய் நாட்களிலும், பிரசவத்துக்குப் பிறகும், அரிப்பு வந்த உடனேயும் இதைச் செய்கிற வீடுகள் ஏராளம். டெட்டால் மாதிரியான திரவங்களில் இருக்கும் குளோராக்சிலினால் கெட்ட கிருமி நல்ல கிருமி என்று பார்க்காது. லாக்டோபாசிலஸையும் சேர்த்துத்தான் அடிக்கும். மூடியில் அளந்து ஊற்றுபவர்களையும் நான் பார்த்ததில்லை, தண்ணீர் வெள்ளையாக மாறும் வரைக்கும் ஊற்றுவார்கள். ஏற்கெனவே சொறிந்து கீறல் விழுந்த இடத்தில் அது பட்டால் எரிச்சல் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அந்த எரிச்சலை "மருந்து வேலை செய்கிறது" என்று நினைத்து மறுநாளும் ஊற்றுகிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் 1920-களில் தொடங்கிப் பல வருஷம் லைசால் என்ற கிருமிநாசினியைப் பெண்கள் உள்ளே விட்டுக் கழுவுவதற்கென்றே பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார்கள், அதனால் புண்ணாகிப்போனவர்கள் உண்டு. அரிப்புக்குக் கிருமிநாசினி மருந்து இல்லை.

மஞ்சள், பயத்தமாவு, வேப்பிலைத் தண்ணீர் எல்லாம் இயற்கைதானே?

இயற்கைதான், ஆனாலும் அந்த இடத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே. சீயக்காய், பயத்தமாவு, நலங்கு மாவு மூன்றும் தூள். எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் மடிப்புகளில் கொஞ்சம் தங்கும், காய்ந்து சொரசொரவென்று உரசும். மஞ்சளுக்கு ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை காட்டியிருக்கிறார்கள் என்பதற்காகக் கடையில் வாங்கிய பாக்கெட் மஞ்சளைப் பூசக் கூடாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, மஞ்சளே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. வேப்பிலை கொதித்த தண்ணீரை ஆற வைத்து வெளியே ஊற்றினால் பெரிய கெடுதல் வராது. கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும், உள்ளே விடுவதும்தான் ஆபத்து. சூட்டில் ஊற்றும்போது அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், அரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

துணி துவைக்கும் பவுடராலும் வருமா?

இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே பட்டேன். சில வருஷம் முன்னால் வீடு மாறினோம். புது வீட்டில் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. உப்புத் தண்ணீரில் நுரை வராது, அதனால் பவுடரைக் கூடப் போட்டேன். துணி விறைப்பாக அட்டை மாதிரி காய்ந்தது, அதற்காக வாசனையுள்ள கண்டிஷனரும் வாங்கி ஊற்றினேன். ஒரு மாதத்தில் அரிப்பு ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு அவ்வளவு சொல்கிற நானே இரண்டு தடவை மாத்திரை வாங்கிப் போட்டேன். பிறகு எங்கள் லேபிலேயே மாதிரி கொடுத்துப் பார்த்தேன். ஸ்லைடு சுத்தம், கல்ச்சரும் சுத்தம். மகப்பேறு மருத்துவர் பார்த்துவிட்டு, வெளித்தோல் முழுக்கச் சிவந்திருக்கிறது, சிவப்பு சரியாக உள்ளாடையின் கோட்டோடு நிற்கிறது, துணியில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். கண்டிஷனரை நிறுத்தி, உள்ளாடைகளை மட்டும் கேன் தண்ணீரில் கூடுதலாக ஒரு முறை அலசினேன். மூன்று வாரத்தில் சரியானது.

துவைக்கும் பவுடர் தண்ணீரோடு போய்விட வேண்டிய பொருள். கண்டிஷனர் அப்படி இல்லை, துணியிலேயே படிந்து நிற்பதுதான் அதன் வேலை. அப்படி நின்றால்தான் மென்மையும் வாசனையும் இருக்கும். அந்தப் படிவம் நாள் முழுக்க வேர்வையோடு சேர்ந்து தோலில் ஊறும். பவுடரில் இருக்கும் என்சைமும் வாசனைப் பொருளும் சரியாக அலசாவிட்டால் இதே வேலையைச் செய்யும். வாஷிங் மெஷினில் அவசரத்துக்குக் குறைந்த நேரப் புரோகிராமில் போட்டு எடுத்தால் அலசுவது அரைகுறையாகவே நடக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். துவைத்துக் காய்ந்த உள்ளாடை ஒன்றை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, கையால் நன்றாகக் கசக்குங்கள். தண்ணீர் கலங்கினாலோ, விரல் நடுவே வழுக்கினாலோ, ஓரத்தில் நுரை கட்டினாலோ பவுடர் இன்னும் போகவில்லை. அந்தத் துணியைத்தான் காலையில் போட்டுக்கொண்டு போகிறீர்கள்.

பிளீச்சிங் பவுடர், சொட்டு நீலம், கிருமிநாசினி ஊற வைப்பு எதுவும் உள்ளாடைக்கு வேண்டாம். வாசனையில்லாத பவுடர் குறைந்த அளவு, இரண்டு மூன்று முறை அலசல், அவ்வளவுதான்.

உள்ளாடையை எங்கே காயப் போடுவது? மாடியில் போட்டால் மாமியார் திட்டுகிறார்.

மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, கதவுக்குப் பின்னால், பாத்ரூம் ஆணியில். நம் பெண்களின் உள்ளாடைகளில் பாதி இப்படித்தான் காய்கின்றன. சரியாகச் சொன்னால் காய்வதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டியில் ஈரம் இருக்கும், அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வோம். குளிர்ந்த தண்ணீரில் துவைத்த துணியில் கேண்டிடா உயிரோடு தங்கும். நல்ல வெயிலில் முழுசாகக் காய வேண்டும். முடியாத நாளில் சூடான இஸ்திரிப் பெட்டியைப் பட்டியிலும் நடுத்துணியிலும் வைத்து எடுங்கள், அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடுள்ள தண்ணீரில் ஊற வையுங்கள். வெயிலில் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், பல வீடுகளில் அது எடுபடுகிறது. எடுபடாவிட்டால் கொடியின் நடு வரிசையில் உள்ளாடை, இரண்டு பக்கமும் புடவை. காற்றாவது கிடைக்கும்.

துணி பருத்தியாக இருக்கட்டும். நைலான், லேஸ், அதற்கு மேல் ஒட்டினாற்போல் லெக்கிங்ஸ் என்று மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு சென்னை, மதுரை வெயிலில் பஸ்ஸில் நின்று வந்தால் உள்ளே வேர்வை போக வழியே இல்லை. ஜிம்மிலிருந்தோ நீச்சலிலிருந்தோ வந்ததும் மாற்றிவிடுங்கள். இரவில் உள்ளாடை இல்லாமல் நைட்டியோடு தூங்குவது நல்லது.

நாப்கின் மாற்றியதிலிருந்து எரிகிறது. பேடும் காரணமாக இருக்குமா?

இருக்கும். மேலே வலை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கவர் சிலருக்கு உரசி உரசித் தோலைக் கிழித்துவிடும். பஞ்சு மாதிரி மேல்பரப்பு உள்ளதற்கு மாறிப் பாருங்கள். வாசனை சேர்த்த பேட் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பள்ளிக்கூடத்திலோ வேலை இடத்திலோ கழிப்பறை சரியில்லை என்று காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் தப்பு இல்லை, ஆனாலும் உடம்பு அதைத் தாங்காது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்றப் பாருங்கள். வெள்ளைப்படுகிறது என்று தினமும் பேன்டி லைனர் வைப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு, மாற்று உள்ளாடை ஒன்றைப் பையில் எடுத்துப்போனாலே பாதித் தொந்தரவு குறையலாம்.

பவுடர், வெட் வைப்ஸ், முடி நீக்கும் கிரீம்?

டால்கம் பவுடர் தொடையிடுக்கில் வேர்வையோடு சேர்ந்து களிமண் மாதிரி கட்டிக்கொண்டு உரசும். அதுவும் போக, 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த இடத்தில் பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெட் வைப்ஸ் வாங்கும்போது மெத்தில்ஐசோதயசோலினோன் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. ஒவ்வாமை நிறையப் பேருக்கு வந்ததால் 2013-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலில் விடும் அழகுப் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை போட்டது. முடி நீக்கும் கிரீம் முடியையே கரைக்கும் அளவுக்குக் காரமானது, உள் உதடுகளில் படக் கூடாது. கத்தரியால் குட்டையாக வெட்டுவதே போதும். அந்த முடி உரசலைத் தடுக்கத்தான் இருக்கிறது.

பொதுக் கழிப்பறை, டாய்லெட் கிளீனர்?

பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்ததால் ஈஸ்ட் வராது. ஆனால் நம் வீட்டு வெஸ்டர்ன் சீட்டில் ஊற்றிய அமில கிளீனரோ பிளீச்சோ சரியாகக் கழுவப்படாமல் இருந்து, அதில் உட்கார்ந்தால் தொடையிலும் ஓரத்திலும் எரிச்சல் வரும். தேய்த்த பிறகு சீட்டின் மேலும் அடியிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்.

ஆணுறை, ஜெல்?

வாசனை, சுவை சேர்த்தவை வேண்டாம். விந்துக்கொல்லியான நோனாக்சினால்-9 தடவிய ஆணுறையும் வேண்டாம், அது யோனியின் உள்தோலை எரிச்சலூட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை பலவீனமாகிக் கிழியலாம். பூஞ்சைக்குத் தரும் எண்ணெய்த் தன்மையுள்ள கிரீம்களும் அப்படித்தான், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கணவருக்குத் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் பொதுவாக அவருக்குச் சிகிச்சை வேண்டாம்.

மருந்துக் கடையில் கொடுத்த கிரீம் போட்டால் உடனே கேட்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஏன்?

அந்த ட்யூபை எடுத்து வாருங்கள், பெயருக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோட்ரிமசால் என்று மட்டும் இருந்தால் அது பூஞ்சை மருந்து. க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, அதிலும் மிக வீரியமானது. இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கும், கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஒன்றாகவே தெரியும். பல ட்யூப்களில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் சேர்ந்தே இருக்கும். பெக்ளோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவையும் ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு அரிப்பை ஒரே ராத்திரியில் அடக்கும், அதே சமயம் தோலின் எதிர்ப்பையும் அடக்கும், பூஞ்சை அடியில் நிம்மதியாக வளரும். மாதக் கணக்கில் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்துபோகும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. இன்றைக்கும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் அலமாரியில் பாதி தீர்ந்த ட்யூப் இருந்தால் இன்றைக்கே பாருங்கள்.

தயிர், பூண்டு, போரிக் பவுடர் வைக்கலாம் என்று வீடியோவில் சொல்கிறார்களே?

தயிரைச் சாப்பிடுங்கள், உள்ளே வைக்காதீர்கள். தயிரில் இருக்கும் லாக்டோபாசிலஸ் வேறு இனம், யோனியில் குடியிருப்பது வேறு இனம், பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. பூண்டு அந்தத் தோலைச் சுட்டுவிடும். போரிக் அமிலத்தைச் சில பிடிவாதமான தொற்றுகளுக்கு 600 மில்லிகிராம் கேப்சூலாக உள்ளே வைக்க மருத்துவர்கள் எழுதுவதுண்டு. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கும் கேரம் போர்டு பவுடரை எடுத்துவிடாதீர்கள். வாய்வழியாகப் போனால் போரிக் அமிலம் விஷம், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், இன்னும் வருகிறது.

அப்படியானால் பொருள் மேல் பழி போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். முதலில் சர்க்கரை பாருங்கள், வெறும் வயிற்றில் ஒரு முறையும், ஹெச்.பி.ஏ.1.சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒரு முறையும். எங்களிடம் வெள்ளைப்படுதலுக்கு என்று வந்து, அன்றைக்குத்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்துகொண்ட பெண்கள் உண்டு. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சீட்டில் இருக்கிறதா பாருங்கள். அந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், அந்தச் சர்க்கரை ஈரத்தோடு தோலில் தங்கும், பெண்களுக்கு ஈஸ்ட் வருவது அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-ல் காப்புரிமை முடிந்து விலை குறைந்த பிறகு நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டது, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் இவையும் காரணம்.

ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் கல்ச்சர் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஸ்லைடில் மாதிரியை வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் தோல் செல்கள் கரைந்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாமல் நிற்கும், சரத்தில் பூ கட்டின மாதிரி இழையும் அதில் மொட்டு மொட்டாக ஈஸ்டும் தெரியும். ஆனால் ஸ்லைடு சுத்தமாக இருந்தாலே பூஞ்சை இல்லை என்று முடிவு கட்ட முடியாது, கல்ச்சர்தான் உறுதி செய்யும். எந்த இனம் என்பதும் அதில்தான் தெரியும். கேண்டிடா அல்பிகன்ஸ் என்றால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை 150 மில்லிகிராம் பெரும்பாலும் கேட்கும், கிளாப்ரேட்டா என்றால் பல சமயம் கேட்காது.

எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள்: சோப்பு, இன்டிமேட் வாஷ், டால்கம் பவுடர், லைனர், வைப்ஸ், துணிக் கண்டிஷனர். மூன்று நான்கு வாரம் வெறும் தண்ணீரும் நன்றாக அலசிய பருத்தி உள்ளாடையும். எரியும்போது சுத்தமான பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாக வெளியே தடவலாம், அதுவும் ஆணுறையைக் கெடுக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அப்புறம் வேண்டியதை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று திரும்பச் சேர்த்தால் எது வம்பு என்று தெரிந்துவிடும். காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், கொப்புளம், ரத்தம், நாற்றம் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

நான் 5 மாதக் கர்ப்பம்.

கர்ப்பத்தில் ஈஸ்ட் சகஜம், ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் வருவது. ஃப்ளூகோனசோல் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசாலை ஏழு நாள் வரை மருத்துவர் தருவார்.

என் மகளுக்கு 7 வயது, அவளும் சொறிகிறாள்.

வயதுக்கு வராத குழந்தைக்கு ஈஸ்ட் தொற்று அபூர்வம், ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் இன்னும் வரவில்லை. சோப்பு, பபுள் பாத், ஈர ஜட்டி, சரியாகக் கழுவாதது, கீரிப்பூச்சி இவைதான் வழக்கமான காரணம். ராத்திரி தூங்கும்போது அதிகம் சொறிந்தால் பூச்சியை நினையுங்கள். நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ ரத்தம் பட்டாலோ தள்ளிப் போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையைத் திட்டாமல், யாராவது அங்கே தொட்டார்களா என்றும் பக்குவமாகக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. அரிப்பு என்று டெட்டால் தண்ணீரில்தான் கழுவுகிறார்.

மாதவிடாய் நின்ற பிறகு, சர்க்கரை இல்லாமல், ஹார்மோன் மருந்தும் சாப்பிடாமல் இருப்பவருக்கு ஈஸ்ட் வருவது குறைவு. தோல் வறண்டு மெலிவதால் வரும் அரிப்பாக இருக்கலாம். லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்று ஒன்று உண்டு, அதில் தோல் வெள்ளை வெள்ளையாகப் பளபளக்கும், அரிப்பில் ராத்திரி தூக்கமே வராது. அதை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும். அதற்கு மருந்தே வீரியமான ஸ்டீராய்டு கிரீம்தான், ஆனால் மருத்துவர் அளவு சொல்லித் தர வேண்டும்.

கிருமிநாசினியை இன்றைக்கே நிறுத்துங்கள். அம்மா தானாக மருத்துவரிடம் காட்ட மாட்டார், "இந்த வயசில் என்ன" என்பார். பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, நீங்களே கூடப் போய், அவர் உள்ளே போவதற்கு முன்னால் வெள்ளைத் திட்டு, எத்தனை நாளாக, என்ன ஊற்றுகிறார் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மா வாய் திறந்து சொல்லத் தேவையில்லாமல் போகும்.